அரும்பினதும் கொண்டு வாங்க

கல்லூரியில் பூகோளப் பாடம் நடந்து கொண்டிருந்தபோது என் மச்சான் ஹமீட் யன்னலுக்கு வெளியே வந்து நின்றான். கலியாணம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத மாப்பிள்ளை பட்டப்பகலில் பெண் வீட்டை விட்டு வெளியே வருகிறான் என்றால், ஒன்று யாராவது மௌத்தாகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சண்டை. அவன் முகத்தைப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து நடந்தது போலிருந்தது.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். பூகோளம் தொடங்கினால் எனக்கு வயிறு வலிப்பது வழக்கமாதலால் மாஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை.

வேப்பமரத்தின் கீழே என்னை இழுத்துக்கொண்டு போய், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ஹமீட் காதுக்குள் கேட்டான்.

"மச்சான், அரும்பு எண்டா என்ன?"

"மல்லிகை அரும்பா?"

"நெல்லுடா. நெல்லு அரும்பிட்டு எண்டு எப்பச் சொல்லுற? எவ்வளவு வந்தா அரும்பு, எவ்வளவு வந்தா முளை?"

"ஒன்ட மாமாட்டக் கேளன்."

"கேட்டா நான் வெளிய," என்றான் ஹமீட்.

விஷயம் இதுதான். ஹமீட் மருதமுனைக்காரன். அவனுடைய வாப்பா, உம்மா, ராத்தாமார் எல்லாரும் தறியில் இருப்பவர்கள். அவனும் தறியில் வளர்ந்தவன். நெல்லை அவன் சோறாகத்தான் அறிவான். சாய்ந்தமருதில் பெரிய வயற்காரரான மீராமுகைதீன் போடியார் தன் இளைய மகள் ஸுல்பிகாவுக்கு மாப்பிள்ளை தேடியபோது, வயல் தெரிந்த மாப்பிள்ளை வேண்டும் என்று தரகர் அதாவுல்லாக் காக்காவிடம் சொல்லியிருந்தார். அதாவுல்லாக் காக்கா வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு, "மாப்பிள்ள தறியும் அறிவார், தரையும் அறிவார்" என்றார். அதில் பாதி உண்மை. தரகர்கள் சொல்வதில் அது மிகவும் உயர்ந்த விகிதம்.

கலியாணம் முடிந்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி ஹமீட் பெட்டியோடு பெண் வீட்டுக்கே குடிபோனான்.

அந்த வீட்டுக்குப் போன பிறகுதான் மூத்த மருமகனைப் பற்றிக் கேள்விப்பட்டான். அப்படி ஒருவர் இருந்தாராம். ஒரு போகம் வாய்க்காலைக் கட்டாமல் தூங்கிப் போனார்; வயல் காய்ந்தது. போடியார் ஏசவில்லை, அடிக்கவில்லை, ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அவருடைய பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தார், அவ்வளவுதான். அந்த மனிதர் இப்போது பொத்துவில் பக்கம் எங்கோ கடை வைத்திருப்பதாகக் கேள்வி. அன்று முதல் ஹமீட் எங்கே போய் வந்தாலும், வாசலில் பெட்டி ஏதும் இருக்கிறதா என்று தூரத்திலிருந்தே பார்த்துக் கொள்வான். ஸுல்பிகாவை அவனுக்கு நன்றாகப் பிடித்துப் போயிருந்ததும் பயத்துக்கு ஒரு காரணம். பிடிக்காத வீடாக இருந்தால் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்திருப்பான்.

இப்போது சிறுபோக விதைப்பு வந்துவிட்டது. போடியார் விதைநெல்லை மூட்டையோடு ஊறப் போட்டு, தண்ணீரை வடியவிட்டு, பின் வளவுக் கொட்டிலில் கும்பமாகக் கொட்டினார். கீழே வாழையிலை, மேலே ஈரச் சாக்கு, சாக்கின் மேல் கல்.

"மருமகன், பிஸ்மி சொல்லி நீங்க மூடுங்க," என்றார்.

ஹமீட் மூடினான். மூடிய பிறகுதான் மாமி சபியா உம்மா திரைக்குப் பின்னால் நின்று அந்த வீட்டு வழக்கத்தைச் சொன்னார்: மூடின கைதான் திறக்க வேண்டும். வேறு கை பட்டால் விதையின் பரக்கத்து, அந்த அருள், போய்விடும். வீட்டில் மற்றவர்கள் எட்டிப் பார்ப்பதும் கூடாது.

போடியார் எருமைகளை ஓட்டிக்கொண்டு சம்மாந்துறைக்கு அப்பால் இருக்கும் தன் வயல் வட்டைக்குப் புறப்பட்டார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"நான் சேறாக்கிப் பலகை அடிச்சு வெச்சிருப்பன். அரும்பினதும் கொண்டு வாங்க. முளையாக்கிப் போடாதீங்க."

ஹமீட், "ஓம் மாமா" என்றான்.

"ஏன்டா ஓம் எண்ட?" என்று நான் கேட்டேன்.

"வேற என்ன சொல்லுற? அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு, ரெண்டு கண்ணையும் கழட்டித் தாங்க எண்டு கேட்டிருந்தாலும் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன்."

கல்லூரியில் தமிழ் அகராதி ஒன்று உண்டு. அதை எடுத்துப் பார்ப்பவர்கள் குறைவானதால் நல்ல நிலையில் இருந்தது. அரும்பு என்பதைத் தேடினோம். முளை என்று போட்டிருந்தது. முளை என்பதைத் தேடினோம். அங்குரம் என்று போட்டிருந்தது. அங்குரம் என்பதைத் தேடினால், அரும்பு. செக்கு மாடு போல் தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றோம். ஹமீட் அகராதியை மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, "கலிமா சொல்லிக் கொடுக்க ஆளிரிக்கி, இதச் சொல்லிக் கொடுக்க ஆளில்ல" என்றான்.

செல்லத்தங்கம் டீச்சர் அந்த நேரம் கைப்பணிப் பையும் குடையுமாக வராந்தாவில் வந்தார். தம்பிலுவில்காரர். எங்களுக்குத் தமிழ் படிப்பிப்பவர். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போன வழக்கமில்லை.

"அரும்பா?" என்றார். "வெளிய தெரியத் தொடங்கினா அரும்பு. தெரிஞ்சு முடிஞ்சா அது அரும்பில்ல."

"எவ்வளவு நீளம் டீச்சர்?" என்று ஹமீட் கேட்டான்.

"அரும்புக்கு நீளம் இல்ல தம்பி. நீளம் எண்டு ஒண்டு வந்திட்டா அதுக்கு வேற பேர். வாற பொழுது ஒண்டு இரிக்கே, அதுதான் அரும்பு. நேற்றுப் பார்த்தா இல்ல. நாளைக்குப் பார்த்தா பிந்திரும்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வீட்டில என்ன பூ?"

"நெல்லு."

"நெல்லு எனக்குத் தெரியாது. எங்கட அப்பா தோணிக்காரர்," என்றார் டீச்சர், போய்விட்டார்.

அது நல்ல விளக்கம்தான். பரீட்சையில் எழுதினால் முழுப் புள்ளி கிடைக்கும். ஆனால் ஹமீட்டின் முகத்தில் இருந்த கொஞ்ச இரத்தமும் அந்த விளக்கத்தில் வடிந்து போனது. நேற்று இல்லை, நாளை பிந்திவிடும் என்றால், இடையில் விடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அவன் விளங்கிக்கொண்டான்.

அன்று பின்னேரம் நானும் அவனோடு போனேன். கொட்டிலுக்குள் மங்கலான வெளிச்சம். ஹமீட் கல்லை இறக்கினான், சாக்கை விலக்கினான். உள்ளேயிருந்து இளஞ்சூடான ஆவி ஒன்று எழும்பி எங்கள் முகத்தில் பட்டுப் போனது. நெல் நெல்லாகவே இருந்தது. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். என்னிடம் தந்தான். நானும் பார்த்தேன்.

"ஒண்டுமில்ல," என்றேன்.

"வடிவாப் பார். தெரியத் தொடங்கியிருக்கும்."

"தொடங்கல்ல."

மூடினான். கல்லை ஏற்றினான். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினோம். முகம் துடைப்பதற்குள் அவனுக்குப் பயம் வந்துவிட்டது. "நாம மூடக்குள்ள தொடங்கியிருந்தா?" என்றான். திரும்பப் போய்க் கல்லை இறக்கினான். இப்போது எழும்பிய ஆவியில் முந்திய சூடு இல்லை. அதை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அதற்கு அர்த்தம் தெரிந்திருக்காது.

மறுநாளும் அதே கதை. தேநீர் குடித்தால் ஒரு தரம், தொழுதால் ஒரு தரம், ஸுல்பிகா கூப்பிட்டால் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம். மாமிக்கு வேறு மாதிரி விளங்கியது. "இப்பிடி ஒரு மருமகன நான் கண்டதில்ல," என்று வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது எங்களுக்குக் கேட்டது. "மூத்தவர் விதையத் திரும்பியும் பார்க்க மாட்டார். இவர் சோத்துக் கோப்பையையும் கொட்டிலுக்குத்தான் கொண்டு போறார். தரையும் அறிவார் எண்டு சும்மாவா சொன்ன?"

ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் ஹமீட் ஒரு பிடி மெலிந்து போனான்.

"மாமிட்டக் கேட்டுப் பார்," என்றேன்.

"கேட்டா, இத்தனை நாளும் கொட்டிலுக்குள்ள என்னத்தப் பார்த்தீங்க எண்டு கேப்பா."

"ஸுல்பிகாட்ட?"

"ஸுல்பிகா சிரிப்பாள். அதுதான் எல்லாத்திலயும் பயம்."

அன்று பின்னேரம் அஸர் தொழுத கையோடு வண்டிக்காரர் நூஹு வந்து வாசலில் குந்தினார்.

"போடியார் சொல்லி விட்டார். சேறு ஆகிட்டு. நாளைக்கி உச்சிக்கு, லுஹருக்கு முந்தி விதை வட்டையில இரிக்கணுமாம். அதுக்குப் பொறகு வட்டவிதானை தண்ணிய அடுத்த வாய்க்காலுக்குத் திருப்பிருவாராம். சேறு இறுகினா விதை ஒட்டாது. நான் விடிய சுபஹுக்கு வண்டியக் கட்டிக்கிட்டு வாறன்." வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டுக் கேட்டார். "அரும்பிட்டா மருமகன்?"

"அரும்புது," என்றான் ஹமீட்.

கொட்டிலுக்குள் போய்த் திறந்து பார்த்தோம். நெல் ஊறிப் பருத்துக் குளிர்ந்து கிடந்தது. ஒன்றிலும் ஒன்றும் தெரியத் தொடங்கவில்லை. ஹமீட் கையை உள்ளே விட்டு அப்படியே வைத்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், இது குளிருது," என்றான். "மௌத்தான ஆள்ர காலப் போல குளிருது."

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது, பார்த்துப் பார்த்தே சூட்டை வெளியே விட்டுவிட்டோம் என்று. அடை கிடக்கும் கோழியை நிமிஷத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்த்தால் எந்த முட்டை பொரிக்கும்?

பயந்தவன் ஒரு பக்கம் தவறு என்று தெரிந்தால் மறு பக்கத்துக்குப் பாய்வான். ஹமீட் அடுப்படிக்குப் போய்ச் சுடுதண்ணீர் கேட்டான். கால் நோவு என்று சொன்னான். அதை அளவாகத் தெளித்தால் போதும் என்று எனக்குத் தோன்றியது, சொன்னேன், அவன் காதில் விழவில்லை. குடத்தோடு நடுவில் ஊற்றினான். வாழையிலையைப் போட்டான், சாக்கைப் போட்டான், அதன் மேல் கம்பளியைப் போட்டான், கலியாணத்துக்கு வந்த மெத்தைவிரிப்பைப் போட்டான். பெட்டியைத் திறந்து, மருதமுனையிலிருந்து அவனுடைய உம்மா நெய்து கொடுத்த புதுச் சாரன்கள் அத்தனையையும் எடுத்து மேலே அடுக்கினான். கடைசியில் கல்லை ஏற்றிவிட்டுத் தானும் அதன் மேல் ஏறி உட்கார்ந்தான்.

"இனித் திறக்க மாட்டன்," என்றான்.

திறக்கவில்லை. மஃரிபு தொழுதுவிட்டு வந்து கொட்டில் வாசலில் உட்கார்ந்தான். திறந்தால் குளிர்ந்துவிடும் என்று பயம். திறக்காவிட்டால் வெந்துவிடும் என்று பயம். இரண்டு பயத்துக்கும் நடுவே மூக்கை மட்டும் சாக்குக்குப் பக்கத்தில் கொண்டு போய் முகர்ந்து பார்த்தான். நான் அவனை அப்படியே விட்டுவிட்டு, ஸுல்பிகா போட்டுத் தந்த சோற்றைச் சாப்பிட்டு, விறாந்தையில் படுத்துத் தூங்கினேன். சொந்தக்காரனின் பயத்தில் பங்கெடுப்பதற்கு ஒரு எல்லை உண்டு.

சுபஹுக்குப் பாங்கு சொன்னபோது எழும்பிப் போனேன். கொட்டில் வாசலிலேயே புளித்த வாடை அடித்தது. பழைய தோசைமாச் சட்டியைத் திறந்த மாதிரி. ஹமீட் கையில் கல்லை வைத்துக்கொண்டு நின்றான். இறக்கிவிட்டான், ஆனால் கீழே வைக்க மறந்துவிட்டான்.

"பிஸ்மி சொல்லித் திற," என்றேன்.

திறந்தான். ஆவி குபுகுபுவென்று வந்து கூரையைத் தொட்டது. ஓரத்தில் கிடந்த நெல் நேற்று இருந்த மாதிரியே, முகம் மாறாமல் கிடந்தது. கொஞ்சம் உள்ளே போனால், ஒவ்வொரு மணியின் நுனியிலும் உப்புக்கல் ஒட்டியது போல ஒரு வெள்ளை. நடுவில் கை வைத்தால் சுட்டது. அங்கே வெள்ளை வேர்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, பின்னி, இறுகி, அந்த நடுப்பகுதி முழுவதும் ஒரே கட்டியாகிக் கிடந்தது. ஹமீட் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினான். பாய் மாதிரி எழும்பி வந்தது.

அவன் ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையில் இருந்து ஒரு மணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"இதுதான் மச்சான் அரும்பு," என்றான். "இப்ப விளங்குது."

அப்படிப்பட்டது அந்தக் கும்பத்தில் கால்வாசி இருக்கலாம்.

"எப்பிடி மருமகன்?" என்று மாமியின் குரல் திரைக்குப் பின்னால் கேட்டது.

"அல்ஹம்துலில்லாஹ் மாமி," என்றான் ஹமீட். எந்த நிலையிலும் சொல்லக்கூடியதாகையால் அது பொய்யாகாது.

ஸுல்பிகா மட்டும் கொட்டில் வாசலுக்கு வந்தாள். தரையில் குவிந்து கிடந்த ஈரச் சாரன்களையும், புருஷன் முகத்தையும் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. அவளும் பயந்துவிட்டாள்.

"வாப்பா ஏசினா வாயத் திறக்காதீங்க," என்றாள் மெல்ல. "ஏசாட்டித்தான்..." அதற்கு மேல் சொல்லாமல் சாரன்களைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

மூன்று விதத்தையும் வெவ்வேறு சாக்கில் அள்ளி வண்டியில் ஏற்றினோம். வழியெல்லாம் ஹமீட் ஸலவாத்து ஓதிக்கொண்டு வந்தான். நூஹு அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு தானும் சேர்ந்து ஓதினார். இரண்டு புறமும் விதைக்கத் தயாராக வயல்கள் கண்ணாடி போல் மின்னின. அழகான காலை. அதைப் பார்க்கிற நிலையில் அந்த வண்டியில் மாடுகள் மட்டுமே இருந்தன.

போடியார் வரம்பில் நின்றார். சாரனை மடித்துக் கட்டி, முழங்கால் வரை சேறு. நாலைந்து வேலைக்காரர் பலகையை இழுத்து விட்டு ஓய்ந்திருந்தார்கள். ஹமீட் நல்ல சாக்கை முதலில் இறக்கலாம் என்று கையை நீட்டினான். போடியார் நேரே நடுச் சாக்குக்குள் கையை விட்டார். கட்டி எழும்பி வந்தது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏசவில்லை.

ஹமீட் ஒரு அடி பின்னுக்கு வைத்தான். ஒரு நிமிஷம் அவன் ஓடிவிடுவான் என்றுதான் நினைத்தேன். ஓட நினைத்தவன் போலத்தான் திரும்பினான். ஆனால் என்ன நினைத்தானோ, போடியார் கையில் இருந்த கட்டியை வாங்கிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கிக் குந்தினான். கட்டியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, கீழே இரண்டு கையையும் கொடுத்து மெல்ல அலைத்தான். பிய்க்கவில்லை, இழுக்கவில்லை. விரல்களை மட்டும் ஒவ்வொன்றாக வேருக்குள் விட்டு எடுத்தான். கட்டி இளகியது. மணிகள் ஒன்றொன்றாக வேரோடு கழன்று அவன் விரித்திருந்த சாக்கில் வந்து தங்கின. ஒரு வேர் அறவில்லை.

போடியார் வாய்க்கால் கரைக்கு வந்தார்.

"இது ஆர் காட்டித் தந்த?"

"ஒருத்தரும் இல்ல மாமா. நூல் சிக்கினா உம்மா இப்பிடித்தான் தண்ணியில போட்டு எடுக்கிற." கையை நிறுத்தாமலே சொன்னான், நிறுத்தினால் சொல்ல முடியாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். "எனக்குத் தறிதான் தெரியும் மாமா. வயல் தெரியாது. அரும்பு எண்டா என்ன எண்டும் தெரியாது. அதாவுல்லாக் காக்கா சும்மா சொன்னது."

வேலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போடியார் அவர்களைப் பார்த்தார்.

"அந்தக் கடைசி வரம்பு உடைஞ்சு கிடக்கு. போய்க் கட்டுங்க, எல்லாரும்."

அந்த வரம்பு உடையவில்லை. அவர்கள் போனார்கள். போடியார் சாரனைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி மருமகனுக்குப் பக்கத்தில் குந்தினார். நான் எங்கே போவது என்று தெரியாமல் மாட்டைத் தடவிக்கொண்டு நின்றேன்.

"மெல்லக் கதைங்க மருமகன்," என்றார் போடியார்.

"ஓம் மாமா."

"எங்கட முல்லைக்காரன் சாலிஹ் இரிந்தானே, வயலைப் பொறுப்பாப் பார்த்தவன். ஒவ்வொரு போகமும் அவன்தான் முளை போடுற. 'அரும்பிட்டு போடியார், கொண்டு போகலாம்' எண்டு சொல்லுவான். நான் 'ஓம்' எண்டு சொல்லுவன்." அவர் ஒரு கட்டியை எடுத்துத் தண்ணீரில் போட்டார். "அவனுக்குக் கல்லோயாப் பக்கம் காணி கிடைச்சுப் போயிட்டான். அவன் எதப் பார்த்துச் சொன்னானெண்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்ல."

ஹமீட்டின் கை நின்றுவிட்டது.

"அப்ப ஏன் மாமா என்னட்டத் தந்த?"

"நீங்க தரையும் அறிவீங்க எண்டு அதாவுல்லா சொன்னான். உங்கட கையில குடுத்திட்டு நான் இஞ்ச வந்திட்டன். ரெண்டு நாளாச் சோறு இறங்கல்ல. எல்லாரும் என்ட முகத்தத்தான் பார்க்கிறானுகள். போடியாருக்குத் தெரியாது எண்டு ஒருத்தன் சொன்னா, அடுத்த போகத்துக்கு ஒரு வேலைக்காரன் வர மாட்டான்."

சொல்லிக்கொண்டே கட்டியைப் பிடித்து இழுத்தார்.

"இழுக்காதீங்க மாமா, அறுந்திரும். தண்ணியில விடுங்க. விரல மட்டும் குடுங்க."

"இப்பிடியா?"

"இன்னும் மெல்ல."

சாய்ந்தமருதில் மீராமுகைதீன் போடியாரிடம் இப்படிக் கதைத்த மனிதன் அதற்கு முன் இல்லை. இருவரும் தலையைக் குனிந்து, தோளோடு தோள் உரச, வேரைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் இறங்கினேன். என் விரல் பட்டதெல்லாம் அறுந்தது; ஹமீட் என்னைக் கரையேற்றிவிட்டான்.

லுஹருக்கு முன் நுனி வெளுத்ததையும், பிரித்தெடுத்ததையும் சேற்றில் விதைத்து முடித்தார்கள். முளைக்காத சாக்கைத் திரும்பக் கட்டி, வயல் காவல் குடிசையான வாடிக்குள் வைக்கோலால் மூடி வைத்தார்கள். போடியார் மூட, ஹமீட் பக்கத்தில் நின்றான். எங்கே குறை விழுகிறதோ அங்கே அதைப் போடலாம் என்று முடிவு. வட்டவிதானை வந்து தண்ணீரைத் திருப்பிக்கொண்டு போனார். வேலைக்காரர்களுக்குப் போடியார் உரத்த குரலில் சொன்னார்: "மருமகன்ட கணக்கு அது. ரெண்டு தரமா முளை போடுறது புது முறை." அவர்கள் தலையாட்டினார்கள்.

அதன் பிறகு மாமனும் மருமகனும் வீட்டுக்குப் போகவில்லை. வாடியிலேயே தங்கினார்கள். சமைத்ததைச் சாப்பிட்டார்களா என்பது சந்தேகம். விதைத்த சேற்றுக்கு மேல் காக்கையும் புறாவும் இறங்காமல் கல்லெறிவதும், வரம்பில் குந்திச் சேற்றையே பார்ப்பதும்தான் வேலை. வெள்ளிக்கிழமை கல்லூரி விட்டதும், ஸுல்பிகா கொடுத்த சோற்றுப் பொட்டலத்தோடு நான் அங்கே போய் இரவு தங்கினேன். இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்து, இருவரும் தூங்குவது போல் நடித்துக்கொண்டிருந்தார்கள்.

காலையில் ஹமீட் முதலில் எழும்பி வரம்புக்குப் போனான். பனி இன்னும் விலகவில்லை. போடியார் சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்னால் போனார். வரம்புக்குக் கொஞ்சம் முன்னே நின்றுவிட்டார்.

ஹமீட் நெடுநேரம் குனிந்தபடி நின்றான். பிறகு திரும்பினான்.

"வாங்க மாமா. வந்து பாருங்க."

"நீங்களே சொல்லுங்க," என்றார் போடியார். கால் எடுத்து வைக்கவில்லை. கண்ணை வேறு பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

ஹமீட் இறங்கி வந்து அவர் கையைப் பிடித்தான். அந்தக் கை தண்ணீரில் கிடந்த கை போலக் குளிர்ந்திருந்ததென்று பிறகு எனக்குச் சொன்னான். வரம்பில் ஏற்றி, சூரியன் வரும் பக்கமாக அவர் முகத்தைத் திருப்பி நிறுத்தினான். சேற்றின் மேல் இங்கொன்றும் அங்கொன்றுமாக, சில இடத்தில் நெருக்கமாக, சில இடத்தில் வெறுமையாக, ஊசி ஊசியாகப் பச்சை நின்றது.

போடியார் பார்த்தார். சால்வை நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த மூலை வெறுமையாக் கிடக்கு," என்றார் கடைசியில். "சாக்க எடுத்து வாங்க மருமகன், போட்டிருவம்."

ஹமீட் வாடிக்குப் போனவன் வாசலில் நின்றான். அங்கிருந்தே கூப்பிட்டான்.

"மாமா, நீங்கதானே மூடின. நீங்கதான் திறக்கணும்."

"வாறன்," என்றார் போடியார். ஆனால் உடனே போகவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் வரம்பிலேயே நின்றார்.